எல்சி ரோத்தனின் கிணறு

பிழையாகத்தான் சொல்லப்போகிறேன், அது எனக்கு இப்போதே தெரிகிறது, வாயைத் திறந்ததும் முதலில் வருவது பிழையாக இருக்கும், அதைத் திருத்தப் போனால் இன்னொரு பிழை வரும், பிறகு முதலில் என்ன சொல்ல நினைத்தேன் என்பது எனக்கே தெரியாமல் போய்விடும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளை கண்காட்சி மண்டபத்தின் நடுவில் ஒரு கதிரையில் இருத்தி, வீடியோவுக்காக இரண்டு பக்கமும் விளக்கைப் பிடித்து, ஒரு பெரிய ஓவியரின் வாழ்க்கையைச் சொல் என்றால் நான் என்னத்தைச் சொல்வது. விளக்குக்காரன் விளக்கை ஏற்றுகிறான், இறக்குகிறான், என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான், மறுபடி ஏற்றுகிறான். என் தோல் நிறத்துக்கு அந்த விளக்கு சரிவரவில்லைப் போல. கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டுகிறான். பொறுக்கலாம். அதற்குள் எல்லாவற்றையும் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிடலாம். எல்சி ரோத்தன், சுவிஸ் நாட்டு ஓவியர், கனவுகளை வரைந்தவர். வாசலில் அப்படித்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பேர்ண் நகரத்து ட்ராம்களில் எல்லாம் அவருடைய முகத்தை ஒட்டியிருக்கிறார்கள், பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. காலையில் நான் ஒரு ட்ராமைத் தவறவிட்டேன், அடுத்த ட்ராமிலும் அதே முகம் வந்து நின்றது. உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான், நான் எந்த அறைக்குள் போனாலும் பின்னாலேயே வருவார், ராணி, இரவு என்ன கண்டாய், ராணி, முழுவதும் சொன்னாயா. அவர் வரைந்த கிணற்றுப் படம் எனக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கதிரையை வேறு பக்கம் போடுங்கள் என்று வந்தவுடனே கேட்டிருக்க வேண்டும். கேட்டேன், மெல்லமாகக் கேட்டேன், ஆனால் இந்தக் கண்காட்சியை நடத்துகிற அம்மா, ஃபிராவ் லுய்தி, சிரித்துக்கொண்டே என் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பி இருத்திவிட்டார். "அந்தக் கிணறு உங்கள் தோளுக்கு மேலே தெரியவேண்டும்" என்றார். தோளுக்கு மேலே கிணறு. இப்போது என் முதுகு முழுக்கக் குளிர்கிறது, முகம் வேர்க்கிறது.

மொழிபெயர்க்க வந்த பிள்ளை சஞ்சிகா என் முன்னால் முழங்காலில் இருந்து என் சட்டைக் கழுத்தில் மைக்கைக் குத்துகிறாள். "அன்ரி, மூச்சை விடுங்கோ. நான் என்ன ஊசியே போடப்போறன்?" என்கிறாள். "வேர்க்குது பிள்ளை" என்கிறேன். "வேர்த்தா என்ன, வீடியோவில மினுங்குவியள். சீலையிலதான் வருவியள் எண்டு ஃபிராவ் லுய்தி பாத்துக்கொண்டு இருந்தவ. கறுப்புக் காற்சட்டையோட நீங்க வந்து இறங்க அவவின்ர முகம் போன போக்கு!" சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன், சிரித்த வாயோடு கேட்கிறாள், "அன்ரி எந்த ஊர்?" வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் நின்றால் பெயருக்கு முன்னம் இந்தக் கேள்விதான். "யாழ்ப்பாணப் பக்கம்" என்கிறேன். பக்கம் நல்ல சொல், அதற்குள் எவ்வளவு தூரமும் அடங்கும். "எங்கட அப்பா வன்னி. ஊர்ச்சங்கம் எண்டு சொல்லி எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு வைச்சு ஒரே சத்தம், ஆர் ஆற்ற மகன், ஆற்ற காணி ஆற்ற வேலிக்கு அங்கால எண்டு. எனக்குத் தலை விறைக்கும்." நல்ல பிள்ளை. பாவம் ஒன்றும் அறியாதவள். ஆனால் அவளுடைய வீட்டுக் குசினியில் யார் யாருடைய மகன் என்று கதைக்கிறார்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணைக்கு என்னை ஒரு மேசைக்கு முன்னால் இருத்தியபோதும் மொழிபெயர்க்கப் பக்கத்தில் ஒரு தமிழர் இருந்தார், வயதானவர், எனக்கு எதிரே இருந்தவரைவிட எனக்கு அவரிடம்தான் பயம். ஜெர்மன் பேசுகிறவர் என் ஊரை வரைபடத்தில் தேடத்தான் வேண்டும். பக்கத்தில் இருக்கிறவருக்கு நான் ஒரு மரத்தைச் சொன்னாலே போதும், எந்த வளவு என்று தெரிந்துவிடும். அதனால் அன்று மரம், குளம், கோயில் ஒன்றும் சொல்லவில்லை. பயம், பயம் என்று மட்டும் சொன்னேன். இன்றைக்கும் மரம் சொல்லக்கூடாது. கோயில் சொல்லக்கூடாது. ரூபனைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. அவன் என் தம்பி, இன்னும் அங்கேயே இருக்கிறான், மனைவியோடும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளோடும், அதே தெருவில். இல்லை, இப்போது ரூபனை நினைக்கவும் கூடாது, நினைத்தால் முகத்தில் தெரியும். எல்சி ரோத்தனை நினைப்போம்.

முதலாவது பிறந்த இடம், பேர்ணுக்குக் கிட்ட ஒரு மலைப் பள்ளத்தாக்கு. எமென்தால். அப்பா பாற்கட்டி செய்கிறவர். சின்ன வயதில் அம்மா செத்துப்போனார். பள்ளிக்கூடத்தில் மாடு வரையச் சொன்னபோது மாட்டுக்கு மனிதப் பல் வைத்து வரைந்து அடி வாங்கினார், அதை எனக்குச் சொல்லும்போது பொய்ப்பல்லைக் கழற்றி மேசையில் வைத்து அந்த மாடு போலச் சிரித்துக் காட்டுவார். அதைச் சொல்லலாமா? வேண்டாம், பெரிய ஓவியரின் பொய்ப்பல்லை எதற்கு. அடுத்தது பீல். குமரிப் பருவத்தில் பீல் நகரத்துக்கு வந்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. இருட்டில் ஒளிர்கிற இலக்கங்களை மணிக்கூட்டு முகத்தில் எழுதுவது, பிரஷ்ஷை உதட்டில் வைத்துக் கூராக்கிக் கூராக்கி எழுதுவது. அந்த ஒளிரும் பூச்சு நஞ்சு என்று அப்போது தெரியாதாம். பாரிஸில் ஓவியர்கள் எல்லாரும் மணிக்கூடு, மணிக்கூடு என்று உருகினார்கள், நான் மட்டும் வரையவில்லை, அதைத் தின்று வளர்ந்தவள் நான், என்பார். ஆம், பாரிஸ். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஒரு பெட்டியோடு ரயில் ஏறிப் போனார். அங்கே கனவை வரைகிற ஒரு கூட்டம், எல்லாரும் ஆம்பிளைகள், காலையில் ஒரு கடையில் கூடுவார்கள், ஒவ்வொருவரும் இரவு கண்டதைச் சொல்ல வேண்டும், அது அவர்களுடைய தொழில் முறை. இவர் ஒரு காலை தன் கனவைச் சொன்னார். ஒரு கட்டில், அதற்குள் படிக்கட்டு, படிக்கட்டில் அவருடைய அம்மா பாலை ஊற்றிக்கொண்டு ஏறுகிறார். கொஞ்ச நாளில் அந்தக் கூட்டத்து ஆள் ஒருவர் அந்தக் கட்டிலையும் படிக்கட்டையும் பாலையும் வரைந்து கீழே தன் பெயரைப் போட்டுவிட்டார். பெரிய பெயர். ஆர் என்று எனக்குச் சொல்லவே இல்லை, அந்த மனிதன், அந்த மனிதன் என்றுதான் சொல்வார். இவர் அந்தப் படத்தின் முன்னால் நின்று, இது என் அம்மா என்று சொன்னாராம். கூட்டமே சிரித்ததாம். அதோடு ரயில் ஏறிவிட்டார். பிறகு கல்யாணம், ரோத்தன் ஐயா, பல் வைத்தியர், நல்ல மனிதர், பல் பிடுங்குகிற அறைக்குப் பின்னால் ஓர் அறையைக் கொடுத்தார் வரைவதற்கு. முதலாவது கண்காட்சி பல் வைத்தியரின் காத்திருக்கும் அறையில்தான். பல் வலியோடு வந்தவர்கள் வாய்க்குள் படிக்கட்டு போகிற படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் எழும்பி வீட்டுக்கே போய்விட்டாராம், பல்லோடு. பேப்பரில் எழுதியவர்கள் பல் வைத்தியரின் மனைவி வரைந்தவை என்று எழுதினார்கள், பெயரைப் போடவில்லை. இந்த நாட்டில் பெண்களுக்கு அப்போது வாக்குக்கூட இல்லை என்று சொல்வார், நான் நம்பவில்லை, என் மகள்தான் ஓம் அம்மா என்றாள். தலை நரைத்த பிறகு சூரிச்சிலிருந்து ஒரு பெண் பல் வலி என்று வந்து படங்களைக் கண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கண்காட்சியாக வைத்தார். அதற்குப் பிறகு புத்தகம், பேட்டி, பட்டம். இவ்வளவும் சரியாகச் சொல்லிவிடுவேன். இவ்வளவோடு நிறுத்தினால் நல்லது. ஆனால் இதெல்லாம் அவர்களுக்கே தெரியும், சுவரில் எழுதியிருக்கிறார்கள், இதைக் கேட்கவா என்னைக் கூப்பிட்டார்கள்.

அவர்கள் கேட்கப்போவது அவருடைய வீட்டுக் குசினியைப் பற்றி. ரோத்தன் ஐயா செத்த பிறகு ஃபிராவ் ரோத்தனுக்குக் கனவு வருவது நின்றுவிட்டது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. வெட்கம். கனவு ஓவியருக்குக் கனவு வரவில்லை என்று எப்படிச் சொல்வது. தாளில் மையை ஊற்றி, இன்னொரு தாளால் அமத்தி உரித்துப் பார்ப்பார், முன்பெல்லாம் அதில் மலை தெரியும், மிருகம் தெரியும், இப்போது மை மட்டும்தான் தெரிகிறது என்பார். நான் அந்த வீட்டைக் கூட்டித் துடைக்கப் போனவள், அவருடைய மருமகள் ஒருத்தி எனக்கு அந்த வேலையைப் பிடித்துத் தந்தவள். ஒருநாள் நான் குசினியில் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, ராணி, உனக்குக் கனவு வருமா, என்று கேட்டார். என் பெயர் பவளராணி, அவருக்குப் பாதிதான் வாயில் வந்தது. வரும் என்றேன். சொல் என்றார். அன்றிலிருந்து அதுதான் முதல் வேலை. காலையில் கோப்பி குடிக்காமல் வர வேண்டும், கோப்பி கனவைக் கழுவிவிடும் என்பார். நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார், கோபத்தில் அன்று முழுக்கக் கதைக்கமாட்டார். என் மனுசன் வெறும் வயிற்றோடு நான் பஸ் ஏறுவதைப் பார்த்து, என்னப்பா விரதமோ என்று கேட்பார், விஷயம் தெரிந்த பிறகு தான் வேலை செய்கிற ரெஸ்டாரன்ட் குசினியில் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தார். "கூட்டித் துடைக்கப் போன வீட்டில கனவு வித்திட்டு வாறவள் இந்த உலகத்தில நீ ஒருத்திதான்." என்னிடம் ஜெர்மன் இருந்ததா என்ன. சவர்க்காரம், கூட்டுமாறு, நாளைக்கு, வலிக்கிறது, அவ்வளவுதான் இருந்தது. கைகளால்தான் சொன்னேன். அந்தக் குசினி மேசை கறுப்புக் கல், விரலைத் தண்ணீரில் தோய்த்து அதில் கீறிக் காட்டுவேன், அது காய்வதற்கு முன் அவர் பென்சிலால் தாளில் பிடித்துவிடுவார். பனைமரத்தை நான் விரலால் இழுக்க இழுக்க அவருடைய கிழட்டுக் கையும் கூடவே இழுக்கும். காய்ந்து போனால், மறுபடி, மறுபடி என்பார். இரண்டு பேரும் மேசை மேல் குனிந்து மூச்சுமுட்ட நிற்போம். என் வாழ்க்கையில் நான் சொல்வதை அவ்வளவு கவனமாக வேறு யாரும் கேட்டதில்லை, என் மனுசனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதை நினைத்தால் இந்த விளக்குகளுக்கு நடுவில் அழுகை வரப்பார்க்கிறது. அழக்கூடாது. அழுதால் ஃபிராவ் லுய்திக்குச் சந்தோஷமாகிவிடும்.

ஆனால் நான் கெட்ட கனவுகளை மட்டும்தான் சொன்னேன். அதுதான் யாருக்கும் தெரியாது. அம்மா பழக்கியது அது. கெட்ட கனவு கண்டால் எழும்பின உடனே யாருக்காவது சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டால் பலிக்காது. நல்ல கனவு என்றால் மூச்சு விடக்கூடாது, சொன்னால் கையை விட்டுப் போய்விடும். நான் என்ன செய்ய, ஒவ்வொரு நாளும் ஒருத்தர் பென்சிலோடு காத்திருக்கிறார், கெட்டதை எல்லாம் அங்கே கொட்டினேன். தலை இல்லாத மாடு, பல்லாக விழுகிற ஓடுகள், குண்டுக்கு ஒளிக்கிற பங்கருக்குள் கலியாணம், என் பிள்ளை தண்ணீருக்கு அடியில் நின்று கைகாட்டுவது. நல்லதை எல்லாம் எனக்கு வைத்துக்கொண்டேன். ஒருமுறை ஃபிராவ் ரோத்தனே கனவில் வந்தார், நீலக் கவுனோடு எங்கள் ஊர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு, கண்டக்டர் ரூபன், சிரித்துச் சிரித்து வயிறு நொந்து எழும்பினேன், அன்றைக்கு அவர் கேட்டபோது ஒன்றும் காணவில்லை என்றேன். "உனக்கு நல்ல கனவே வராதா, பாவம்" என்று என் தலையைத் தடவினார். இப்போது அந்தப் படங்களை எல்லாம் ஒரே மண்டபத்தில் மாட்டி, கடைசிக் காலத்து இருள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாவை நெருங்கிய ஓவியரின் பயம் என்று ஒரு பேராசிரியர் தடித்த புத்தகம் எழுதியிருக்கிறார். என்ன பயம், அவர் சலாமி இறைச்சியும் ஊறுகாய் வெள்ளரியும் சாப்பிட்டுக்கொண்டு, ரேடியோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு, சீட்டியடித்து வரைந்தார். பயம் என்னுடையது. சொன்னால் போய்விடும் என்று சொன்னேன், சொன்னது ஒவ்வொன்றும் மையாகி, காய்ந்து, சட்டம் போட்டுச் சுவரில் ஏறிவிட்டது. அம்மாவுக்கு ஓவியர்களைப் பற்றி என்ன தெரியும். கழுவி ஊற்றிவிட்டேன் என்று நினைத்த தண்ணீரை ஒருத்தர் கீழே நின்று வாளியில் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று சொன்னாலும் எனக்குத் தெரியும், எது எங்கே இருக்கிறது என்று. இடது பக்கம் பாதி உடைந்த கோபுரம். அதற்குக் கீழே இரண்டு பனை, ஒரு புளி. நடுவில் கிணறு, அதன் மேல் கட்டில் விரிப்புப் போல ஒரு வெள்ளைத் துணி. வலது பக்கம் நீல ட்ராக்டர், பின்னால் இழுவைப் பெட்டி நிறையக் கிரவல் மண். கிணற்றைச் சுற்றி மீன்கள், நிறைய மீன்கள், வாயைத் திறந்துகொண்டு வரிசையாக ஏறி வருகின்றன. மீன் கிறிஸ்துவின் சின்னம் என்று பேராசிரியர் எழுதியிருக்கிறாராம். அவை செருப்புகள். நான் கல்மேசையில் செருப்பைத்தான் கீறினேன், கீறி, என் காலைத் தூக்கியும் காட்டினேன், ஃபிராவ் ரோத்தனுக்கும் விளங்கியது, ஆனால் செருப்பு அவருடைய கையால் போகும்போது மீனாகிவிட்டது, அவருடைய கை அப்படி. ஊரில் அன்று மத்தியானம் நான் ரூபனுக்குச் சோற்றுப் பார்சலோடு ஆலைக்குப் போனேன். ரூபன் அரிசி ஆலைக்காரரின் ட்ராக்டர் ஓடிக்கொண்டிருந்தான், மீசை அரும்புகிற வயது. சீருடைக்காரர் வந்து ட்ராக்டரையும் அவனையும் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஆலையில் சொன்னார்கள். எந்தச் சீருடை என்று நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, எனக்குள்ளேயும் சொல்வதில்லை. தேடிப் போனேன். கோயிலுக்குப் பின்னால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கிணற்றடியில் செருப்புகள் கிடந்தன. ஆட்கள் இல்லை. செருப்புக்குரிய ஆட்கள் ஒருவரும் இல்லை. ரூபன் ட்ராக்டரைப் பின்பக்கமாக விட்டு, பெட்டியைத் தூக்கி, கிரவலைக் கிணற்றுக்குள் கொட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் தோளில் துவக்கு மாட்டிய சீருடைக்காரன் ஒருத்தன் மாங்காய் தின்றுகொண்டு நின்றான். பின்னேரம் ரூபன் வீட்டுக்கு வந்து கை கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான், என்னைப் பார்க்காமல் சொன்னான், "அக்கா, நீ இண்டைக்கு அந்தப் பக்கம் வரேல்லை." நான் வரவில்லை என்றேன். அவ்வளவுதான் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்தது. அந்தக் கிணறு இப்போதும் மூடித்தான் கிடக்கிறது, மேலே புல். அந்தத் துவக்குக்காரன் எங்கே இருக்கிறானோ, என்னவாக இருக்கிறானோ. யார் கிணற்றைத் தேடினாலும் முதலில் ட்ராக்டர் ஓடினவனைத்தான் தேடுவார்கள், ஒரு பக்கம் சாட்சி என்று, மறுபக்கம் வாயை அடைக்க. நேற்றுப் பின்னேரம் அவனுக்குப் போன் எடுத்தபோதும், வீடியோ எடுக்கிறார்கள் என்று நான் தொடங்கியதுமே, "அக்கா, மழையைக் கதைப்பம். இஞ்ச நல்ல மழை. பெட்டையள் நனைஞ்சு வந்து நிக்கினம்" என்றான்.

ஃபிராவ் ரோத்தன் கேட்டார். அந்தப் படம் முடிகிற நேரம், பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "ராணி, இது கனவா, நடந்ததா?" என்று கேட்டார். கனவு என்றேன். அது பொய்யும் இல்லை, எத்தனையோ முறை கனவாகவும் வந்ததுதான். என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு துணியில் டர்பன்டைன் ஊற்றி, ட்ராக்டரில் இருந்த பையனின் முகத்தைத் துடைத்துவிட்டார். அவ்வளவு நன்றாக வந்திருந்த முகம். நான் கல்மேசையில் அந்த முகத்தைக் கீறவேயில்லை, அவர் என் முகத்தைப் பார்த்து வரைந்திருந்தார், அதனால்தான் அது ரூபனாகவே இருந்தது. துடைத்த பிறகு, கீழே மூலையைக் காட்டி, இங்கே இரண்டு பெயர் போடுவோம் என்றார், உன்னுடையதும் என்னுடையதும். நான் பதறி அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். வேண்டாம், வேண்டாம். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "அந்த மனிதன் என்னைக் கேட்கக்கூட இல்லை. நான் உன்னைக் கேட்கிறேன், நீ ஓடுகிறாய்!" மூலையில் தன் பெயரை மட்டும் போட்டார். அதற்குப் பிறகு கோப்பி குடித்துவிட்டு வந்தாலும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த மருமகள்தான், கூட்டித் துடைக்கிற பெண் காலையில் கனவு சொல்வாள், நான் கதவடியில் நின்று பார்த்திருக்கிறேன், என்று இவர்களுக்குச் சொல்லிவிட்டாள். ஃபிராவ் லுய்தி என் வீட்டுக்கே வந்தார், எங்கள் சோபாவின் நுனியில் இருந்துகொண்டு கண் கலங்கினார். "இவை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்தவை. உங்கள் பெயரை அவருடைய பெயருக்குப் பக்கத்தில் போடவேண்டும். அதுதான் நியாயம்." நியாயம் என்ற சொல் எனக்குப் பிடித்தது. எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். என் பெயரை நான் எங்கே எழுத்தில் கண்டிருக்கிறேன், தபால் பெட்டியில், பஸ் பாஸில். என் மகள் அந்த மண்டபத்துக்குத் தன் சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, இது எங்கள் அம்மா என்று காட்டலாம். அதை நினைத்துத்தான் ஓம் என்றேன், தலையை ஆட்டிவிட்டேன், அவர் போய்க் கதவு சாத்தியதும்தான் ரூபனை நினைத்தேன். ஆனால் சொல்லாமல் விட்டால் ஃபிராவ் ரோத்தனை நான் என்ன ஆக்குகிறேன். தன் கனவைப் பறிகொடுத்து வாழ்க்கை முழுக்க எரிந்த மனுசி. நான் வாயை மூடினால் அவரும் இன்னொருத்தியின் கனவுக்குக் கீழே தன் பெயரைப் போட்டவர் ஆகிவிடுவார். அதுவும் எனக்காக. அது யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும்.

விளக்கு சரிவந்துவிட்டது போல. விளக்குக்காரன் பெருவிரலைக் காட்டுகிறான். சஞ்சிகா எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டு, என் தலைக்கு மேலால் சுவரைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பார்க்காதே பிள்ளை. "அன்ரி, உந்தக் கோபுரம் எங்கேயோ கண்ட மாதிரிக் கிடக்கு." நான் சட்டைக் கழுத்து மைக்கைத் தொட்டுப் பார்க்கிறேன். "அப்பாவின்ர பழைய படம் ஒண்டில இப்பிடி ஒரு கோபுரம், அரைவாசி உடைஞ்சது, முன்னால புளியமரம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஒருக்கா கூட்டிக்கொண்டு வந்து காட்டோணும், ஆள் அழுதே போடுவார்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டுத் தலைமயிரை ஒதுக்கினாள். அவளுடைய அப்பா வருவார், ஊர்ச்சங்கத்தைக் கூட்டிக்கொண்டு வருவார், படத்துக்குக் கிட்டே நின்று, ஓம் இது எங்கட கோயில், இது ஆலைக்காரற்ற ட்ராக்டர் எல்லோ, ஆர் இந்தப் பெயர், பவளராணி, ஆற்ற மகள், தம்பியும் ஒருத்தன் இருந்தவன், ட்ராக்டர் ஓடினவன். நூல் பிடித்தாற்போல நேரே ரூபனின் வாசலுக்குப் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எனக்கு ரூபனுடைய பெட்டைகள் நனைந்து வந்து நிற்பது தெரிகிறது, தலையைத் துடைத்துக்கொள்ளாமல், கதவடியில். கமெராவின் தலையில் சிவப்புப் பொட்டு எரிகிறது. ஃபிராவ் லுய்தி எதிரே வந்து இருந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு ஏதோ மெதுவாகக் கேட்கிறார், நியாயம் போல ஒரு முகத்தோடு. சஞ்சிகா அதைத் தமிழாக்குகிறாள். "அன்ரி, இந்தக் கிணறு எங்கத்தக் கிணறு எண்டு கேக்கிறா. உங்கட கனவோ, உங்கட ஊரோ? ஆறுதலாச் சொல்லுங்கோ."

தமிழில் சொன்னால் சொல்லிவிடுவேன். தமிழில் எனக்கு எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது, கிணற்றுக்கட்டுக்கு, துலாவுக்கு, கிரவலுக்கு, ஒன்றை இழுத்தால் மற்றது பின்னால் வரும். ஜெர்மனில் கொஞ்சம்தான் இருக்கிறது, பொய் சொல்லப் போதுமானது. கைகள் தாமாக எழும்பப் பார்த்தன, இரண்டையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அதன் மேல் இருந்துகொண்டேன். "கனவு என்னுடையது இல்லை" என்று ஜெர்மனில் சொன்னேன். சஞ்சிகா திகைத்து, "அன்ரி, தமிழில சொல்லுங்கோ, நான் இருக்கிறன்தானே" என்றாள். "வேண்டாம் பிள்ளை." ஃபிராவ் லுய்தி முன்னால் சாய்ந்து, "ஆனால் அவருடைய மருமகள் பார்த்திருக்கிறார், நீங்கள் காலையில் சொல்வதை" என்றார். "நான் துடைத்தேன். அவர் சொன்னார். நான் கேட்டேன்" என்றேன். வசனங்கள் சின்னச் சின்னதாக, பிள்ளைகள் சொல்வதுபோல, ஒன்றிலும் பிழை வரவில்லை. ஃபிராவ் லுய்தியின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போவதைப் பார்த்தேன், அதற்காக எனக்குத் துக்கமாக இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. அந்தக் கோபுரம்? எமென்தால், சேர்ச் என்றேன். "ஓ, சேர்ச்சோ!" என்று சஞ்சிகா தன்னைத் தானே சிரித்துக்கொண்டாள். அந்த மரங்கள்? எமென்தால். அப்படியானால் கிணறு? அது ஃபிராவ் ரோத்தனின் அப்பாவுடைய கிணறு, அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்தது, எனக்கு அடிக்கடி சொல்வார், என்றேன். அதற்கு மேல் ஏன் வெள்ளைத் துணி என்று கேட்டார். துணி இல்லை, பனி என்றேன். ஊரிலே நான் கண்டிராத ஒன்றைத்தான் அந்த இடத்தில் வைத்தேன், யாரும் அதை எங்கள் ஊர் என்று சொல்ல முடியாதபடி. "அந்த வருடம் நிறையப் பனி" என்றேன். "இரவும் பகலும் கொட்டியது. கிணறு இருந்த இடமே தெரியவில்லை."